ரோஜாவுக்குப் பட்டா போட்ட கதை

1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அன்று ஒரு புதுக் கணக்கைத் தொடங்கியது. அதுவரை இயந்திரம், ரசாயனம், கருவி என்று மனிதன் செய்த பொருள்களுக்குத்தான் காப்புரிமை. அன்று முதன்முறையாக உயிருள்ள ஒரு செடிக்குக் கொடுத்தார்கள். செடிக் காப்புரிமை, எண் 1.

யாருக்கு? நியூ ஜெர்சி மாநிலத்தில் நியூ பிரன்ஸ்விக் ஊரைச் சேர்ந்த ஹென்றி போசன்பெர்க் என்பவருக்கு. வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துத் தருவது அவர் தொழில். எந்தச் செடிக்கு? வேலியிலும் சுவரிலும் ஏறிப் படரும் ஒரு கொடி ரோஜாவுக்கு. பெயர் 'நியூ டான்', அதாவது புது விடியல்.

சரி, இந்த ரோஜாவை போசன்பெர்க் உருவாக்கினாரா என்றால், இல்லை. உருவாக்கியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர் ஒன்பது வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு எந்தக் காப்புரிமையும் கிடைக்கவில்லை. ஒரு செடிக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி இன்று நீதிமன்றங்களில் பெரிய பெரிய வக்கீல்களை வைத்து வாதாடப்படுகிறது. அதன் ஆரம்பம் இப்படி ஒரு வீட்டு வேலியில்தான் இருக்கிறது.

டாக்டர் தொழிலை விட்ட டாக்டர்

அந்த மனிதர் வால்டர் வான் ஃப்ளீட். 1857-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். படித்தது மருத்துவம், பார்த்ததும் மருத்துவத் தொழில். ஆனால் மனசெல்லாம் செடிகளிடம். கடைசியில் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரமும் செடிகளைக் கலப்பினம் செய்வதில் இறங்கினார். விவசாயப் பத்திரிகையில் வேலை பார்த்தார். 1909-ல் அமெரிக்க அரசின் விவசாயத் துறையில் சேர்ந்தார். பூஞ்சை நோயால் அழிந்துகொண்டிருந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தைக் காப்பாற்ற அங்கே அவர் செய்த முயற்சிகளும் பதிவாகியிருக்கின்றன.

ரோஜாவில் அவருடைய ஆசை எளிமையானது. அன்றைக்கு ஐரோப்பாவில் உருவான அழகான ரோஜாக்கள் அமெரிக்காவின் கடும் பனியில் செத்துப்போகும். பிழைத்தால் நோய் தின்னும். பணக்காரர்கள் தோட்டக்காரரை வைத்துப் பராமரிப்பார்கள், சாதாரண ஆள் என்ன செய்வார்? வீட்டு வாசலில் நட்டுவிட்டு மறந்தாலும் தானாக வளர்ந்து பூக்கிற ரோஜா வேண்டும். வாசல் ரோஜா என்றே அதற்குப் பெயர் சொன்னார்கள்.

அதற்காக அவர் எடுத்த ஒரு செடி, ஜப்பான் பக்கத்துக் காட்டு ரோஜாவான விச்சுரையானா. தரையோடு தரையாக ஓடும் கொடி. இலை பளபளவென்று மின்னும், நோய் அண்டாது, குளிர் தாங்கும். பூதான் சின்னது. அதனுடன் 'சஃப்ரானோ' என்ற பழைய பிரெஞ்சு டீ ரோஜாவைக் கலந்தார். அதில் வந்த செடியை மறுபடி 'சூவெனிர் து பிரெசிதான் கார்னோ' என்ற பெரிய பூ ரோஜாவுடன் கலந்தார். கிடைத்த கொடி ஆறு மீட்டர் வரை ஏறியது. காட்டுச் செடியின் முரட்டுத்தனம், தோட்ட ரோஜாவின் அழகான மொட்டு, முத்துப் போன்ற வெளிர் ரோஜா நிறம்... எல்லாம் ஒரே செடியில்!

1910-ல் நியூயார்க்கின் பீட்டர் ஹென்டர்சன் கம்பெனி அதை 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் வேலிகளில் அது ஏறத் தொடங்கியது. ஒரே ஒரு குறை. வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் கொடியே தெரியாமல் பூக்கும், அப்புறம் அடுத்த வருடம்தான்.

ஒரு குச்சி போதும்

இந்த மாதிரி முரட்டுக் கொடி ரோஜாவை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று தெரிந்தால்தான் பின்னால் வந்த சட்டச் சண்டை புரியும்.

முதலில், கொடி ரோஜாவுக்கு அவரை, பாகல் மாதிரி பற்றுக்கம்பி கிடையாது. தானாகச் சுற்றிக்கொள்ளத் தெரியாது. வளைந்த முள்ளை மாட்டிக்கொண்டு மேலே போகும், இல்லாவிட்டால் நாம்தான் கட்டிவிட வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் உச்சியில் மட்டும் பூக்கும், கீழே வெறும் குச்சியாக நிற்கும். காரணம், நுனி மொட்டு கீழே உள்ள மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. அதே தண்டை வளைத்து வேலியில் படுக்கைவாட்டில் கட்டினால் அந்த அடக்குமுறை தளர்ந்துவிடும். தண்டு நெடுக ஒவ்வொரு கணுவிலும் சின்னக் கிளை எழும்பும், ஒவ்வொன்றிலும் பூ வரும்.

முதல் இரண்டு வருடம் கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். அதன் பிறகு குளிர்காலம் முடியும் நேரத்தில் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டலாம், மிகவும் கிழடான தண்டை அடியோடு எடுக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் ரகமாக இருந்தால் மட்டும் பூத்து முடிந்த பிறகு வெட்ட வேண்டும். முன்னாடியே வெட்டினால் அந்த வருடப் பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் மற்றதைக் கொடியே பார்த்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயம். வெட்டிப் போட்ட குச்சியில் பென்சில் கனத்தில் ஒரு சாண் எடுத்து ஈர மண்ணில் குத்தினால் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். விச்சுரையானா வம்சத்துக்கு இது இன்னும் சுலபம். வளர்வது தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். விதையில் முளைக்கும் ரோஜா எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குச்சியில் வளரும் ரோஜாவோ அதே ரோஜாதான்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இது வரம். பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டால் போதும். கலப்பினம் செய்கிறவருக்கு இதுவே தலைவலி. பல வருடங்கள், ஆயிரக்கணக்கான நாற்றுகள் என்று செலவழித்து ஒரு நல்ல செடியை உருவாக்கி முதல் செடியை விற்கிறார். வாங்கியவர் போட்டி நர்சரிக்காரராக இருந்தால்? அடுத்த இரண்டு வருடத்தில் அதே செடியைப் பாதி விலைக்கு விற்பார். தடுக்கச் சட்டம் கிடையாது. வணிகவியல் மொழியில் சொன்னால், உற்பத்திச் செலவு முழுக்க முதல் செடியில், அடுத்த செடிகளுக்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் வருடத்திலேயே கொள்ளை விலை வைத்துப் போட்ட பணத்தை எடுத்தால் உண்டு.

கூண்டுக்குள் ஒரு மரம்

அப்போது நர்சரிக்காரர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம். 1914-ல் ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற பெரிய நர்சரி, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு விவசாயியின் நிலத்தில் தானாக முளைத்த ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலருக்கு வாங்கியது. யாரும் குச்சி ஒடித்துக்கொண்டு போகாமல் இருக்க மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள், அதில் அலாரமும் வைத்தார்கள்! இன்று உலகமே சாப்பிடும் 'கோல்டன் டெலிஷியஸ்' ஆப்பிளின் தாய்மரம் அதுதான்.

கூண்டு ஒரு மரத்துக்குக் கட்டலாம், விற்ற மரங்களுக்கெல்லாம் கட்ட முடியாதே. அதனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பால் ஸ்டார்க் வாஷிங்டனுக்குப் போனார். செடிக்கும் காப்புரிமை வேண்டும் என்று நர்சரிக்காரர்கள் சார்பில் பல வருடங்கள் பிரசாரம் செய்தார்.

எதிர்ப்பு சும்மா இல்லை. இயற்கையில் கிடைப்பதற்குக் காப்புரிமை தர முடியாது என்று 1889-லேயே ஒரு தீர்ப்பு இருந்தது. பைன் மரத்தின் ஊசி இலையிலிருந்து நார் பிரித்தவர் அந்த நாருக்குக் காப்புரிமை கேட்டபோது, அது இயற்கையின் பொருள் என்று காப்புரிமை ஆணையர் மறுத்துவிட்டார். பைன் மர நாருக்கே இல்லையென்றால் ரோஜாவுக்கு எப்படி?

இங்கேதான் லூதர் பர்பாங்க் வருகிறார். கலிஃபோர்னியாவில் நூற்றுக்கணக்கான பழ, பூ ரகங்களை உருவாக்கி அமெரிக்காவே கொண்டாடிய மனிதர். 1926-ல் இறந்துவிட்டார். எலிப்பொறி செய்தவனுக்குக்கூடக் காப்புரிமை உண்டு, புதுப் பழம் கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்ற பொருளில் அவர் சாவதற்கு முன் எழுதிய கடிதத்தை ஆதரவாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். தாமஸ் எடிசனும் ஆதரவு கொடுத்தார். பொருளாதார மந்தம் ஆரம்பித்திருந்த நேரம் வேறு. தொழிற்சாலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு விவசாயத்துக்கும் வேண்டும் என்ற பேச்சு எடுபட்டது. 1930 மே 23 அன்று ஜனாதிபதி ஹூவர் கையெழுத்துப் போட, செடிக் காப்புரிமைச் சட்டம் வந்தது.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குச்சி, ஒட்டு, பதியன் மூலம் பெருகும் செடிகளுக்கு மட்டும்தான் உரிமை. விதையில் பெருகுபவை வெளியே. கிழங்கில் பெருகும் உருளைக்கிழங்கும் வெளியே, ஏனென்றால் நடுவதும் கிழங்கு, சாப்பிடுவதும் அதே கிழங்கு. பர்பாங்க் முதலில் பெயர் வாங்கியதே ஒரு உருளைக்கிழங்கால்தான். அதன் உரிமையை 1875-ல் வெறும் 150 டாலருக்கு விற்றவர் அவர். அவர் பெயரைச் சொல்லி நிறைவேறிய சட்டம் அந்த உருளைக்கிழங்கைக் காப்பாற்றியிருக்காது!

ஒரு செடி மட்டும் மாறியது

இனி மறுபடி ரோஜாவுக்கு வருவோம். நியூ பிரன்ஸ்விக்கில் சாமர்செட் ரோஸ் நர்சரி. 'டாக்டர் வான் ஃப்ளீட்' கொடிகளைக் குச்சி நட்டுப் பெருக்கும் இடங்களில் ஒன்று. அங்கே ஒரு கொடி மட்டும் வித்தியாசமாக இருந்தது. பூ அதே பூ, இலை அதே இலை. ஆனால் கோடைத் தொடக்கத்தில் பூத்த பிறகு நிற்கவில்லை. பனி விழும் வரை விட்டு விட்டுப் பூத்துக்கொண்டே இருந்தது.

யாரும் கலப்பினம் செய்யவில்லை. செடியின் ஏதோ ஒரு உயிரணுவில் மரபணு தானாக மாறி, அதிலிருந்து வளர்ந்த கிளை புது ரகமாகிவிட்டது. தோட்டக்காரர்கள் இதை 'ஸ்போர்ட்' என்பார்கள். ரோஜாக்கள் வருடம் முழுவதும் பூப்பதற்கும் ஒருமுறை மட்டும் பூப்பதற்கும் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு 2012-ல் வெளியிட்டார்கள். கே.எஸ்.என். என்று அதற்குப் பெயர். பூக்காதே என்று செடிக்குச் சொல்வது அதன் வேலை. தொடர்ந்து பூக்கும் ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் வேறொரு துண்டு புகுந்து அதன் வாயை அடைத்திருக்கிறது. 1930-ல் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரிந்தது ஒன்றுதான்: இந்தக் கொடி நிற்காமல் பூக்கிறது.

புதுச் சட்டம் வந்த அதே 1930-ல் போசன்பெர்க் விண்ணப்பித்தார். ஃபிலடெல்ஃபியாவின் ஹென்றி டிரியர் கம்பெனி 'நியூ டான்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. சட்டத்தின் வாசகம் புதுச் செடியைக் கண்டுபிடித்தவருக்கும் உரிமை, கண்டெடுத்தவருக்கும் உரிமை என்று இடம் கொடுத்தது. அது போதுமானதாக இருந்தது. வேறுபாடு என்ன என்று காட்ட, நிற்காமல் பூக்கும் குணத்தையே உரிமை கோரலில் சொன்னார்கள். எண் 1 கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டுச் செடியைக் கொடுத்தது ஜப்பான் பக்கம். கலந்து, காத்திருந்து, ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது வான் ஃப்ளீட். மரபணுவை மாற்றியது இயற்கை. கவனித்துக் காப்பாற்றியது நர்சரி. காப்புரிமைத் தாளில் இருப்பது ஒரே பெயர், போசன்பெர்க். இதில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கொடி குப்பைக்குப் போயிருக்கும், கவனித்ததும் ஒரு உழைப்புதான் என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாசல் ரோஜாவுக்காக ஆயுளைக் கொடுத்தவர் 1922-லேயே போய்விட்டார் என்பது நெருடுகிறது. அவருக்கு மிஞ்சியது வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் கொடியில் இருக்கும் பெயர்.

இன்னொரு விஷயம். 'நியூ டான்' கொடியில் சில சமயம் ஒரு கிளை பழைய குணத்துக்கே திரும்பி, ஒருமுறை மட்டும் பூக்கும் வான் ஃப்ளீட் ரோஜாவாகிவிடும். 1935-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் யான் போம் என்ற ரோஜா நிபுணர், 'நியூ டான்' கொடியிலிருந்து இன்னும் அடுக்கு இதழ்கள் கொண்ட வேறொரு ஸ்போர்ட்டை வெளியிட்டார். பட்டா யார் பெயரில் என்பதெல்லாம் செடிக்குத் தெரியாது.

யாருக்கு லாபம்?

சட்டம் வந்ததால் புது ரோஜாக்கள் பெருகினவா? பெட்ரா மோசர், பால் ரோட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1931 முதல் 1970 வரை கொடுக்கப்பட்ட செடிக் காப்புரிமைகளில் கிட்டத்தட்டப் பாதி ரோஜாக்களுக்கு! அதில் பெரும்பாலானவை பெரிய நர்சரிகளின் கையில். ஆனால் உருவான மொத்தப் புது ரோஜாக்களில் 20 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் காப்புரிமை வாங்கினார்கள். வருடத்துக்கு வரும் புது ரகங்களின் எண்ணிக்கையும் 1931-க்குப் பிறகு கூடவில்லை. புது ரோஜாக்களில் பெரும்பகுதி முன்போலவே ஐரோப்பாவிலிருந்துதான் வந்தன. ஆக, பெரிய ரோஜா வியாபாரம் வளரச் சட்டம் உதவியிருக்கலாம், புதுப் படைப்பு பெருகியதற்குச் சான்று இல்லை. காப்புரிமை இருந்தால்தான் கண்டுபிடிப்பு நடக்கும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அந்தச் சட்டம் ரோஜாவோடு நிற்கவும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆனந்த சக்ரவர்த்தி என்ற வங்காளி விஞ்ஞானி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை கேட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு பக்கமும் 1930 சட்டத்தைத்தான் புரட்டினார்கள். செடிக்குத் தனிச் சட்டம் போட்டதால் மற்ற உயிர்களுக்கு உரிமை இல்லை என்பது ஒரு பக்கம். உயிருள்ளதா உயிரற்றதா என்பதல்ல கேள்வி, இயற்கையின் பொருளா மனிதன் செய்ததா என்பதே கேள்வி என்று அன்றே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சக்ரவர்த்தி ஜெயித்தார். உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது அந்தத் தீர்ப்பில்தான்.

நம் ஊரில் காப்புரிமை என்றாலே மஞ்சளும் வேம்பும் ஞாபகம் வரும். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997-ல் ரத்தானதும், வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்தது 2000-ல் ரத்தானதும் தெரிந்த கதை. இந்தியா வேறு வழியில் போனது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஜே), செடிக்கோ விதைக்கோ காப்புரிமை கிடையாது என்கிறது. அதற்குப் பதிலாக 2001-ல் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புது ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு, ஆனால் விளைந்ததை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து விவசாயியோடு பகிரவும், விற்கவும் உழவருக்கும் உரிமை உண்டு. பதிவு பெற்ற ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விதையாக விற்கக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சட்டப் புத்தகத்தில் இடம் கொடுக்கிற முயற்சி அது.

போசன்பெர்க்கின் காப்புரிமைக்கு ஆயுள் 17 வருடம். 1948 ஆகஸ்டில் அது முடிந்துபோனது. அடுத்த வருடமே 'நியூ டான்' வழி வந்த 'அலோஹா' வெளியானது. பிற்பாடு இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் தன் புகழ்பெற்ற ரோஜாக்களில் சிலவற்றை உருவாக்க அந்த 'அலோஹா'வைப் பயன்படுத்தினார். 1997-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 'நியூ டான்' கொடியைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் செடிக் காப்புரிமைகளின் எண்ணிக்கை இன்று 35,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த உரிமைகளின் ஆயுளும் 20 வருடமாகிவிட்டது. காப்புரிமை உயிரோடு இருக்கும் ஒரு ரோஜாவின் குச்சியை ஒடித்து, நட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால்கூட அமெரிக்காவில் சட்டப்படி அது மீறல்.

எண் 1 ரோஜாவுக்கு அந்தக் கவலை இல்லை. அது வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் போய்ப் பூத்தால், அந்த வீட்டுக்காரர் தாராளமாகக் கேட்டு ஒரு சாண் குச்சி வாங்கி நட்டுக்கொள்ளலாம். வாசல் ரோஜா என்று வான் ஃப்ளீட் ஆசைப்பட்டதும் அப்படி ஒரு செடிக்குத்தான்.